உறைந்த மழைக்கு அடியில் வரப்புகள்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிக்கொள்கிறேன். அப்படி எழுதினால்தான் எதுவும் என் கைக்குள் அடங்கும்.

1. ஐப்பசி மாதம், பள்ளியை நடத்தும் மிஸ்ஸியம்மா தன் சொந்த ஊரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தரச் சொன்னார். பனி மூடிக் கிடக்கும் ஊர்.
2. நான் சரி என்றேன். பனியை நான் பார்த்தது கிடையாது. எண்ணெய் வண்ணத்தில் அதுவரை வரைந்ததெல்லாம் பரீட்சைக்காக வரைந்த பழங்கள்.
3. மழை பிடித்துக்கொண்டது. வெள்ளை காயவில்லை.
4. ஒருவழியாகப் படம் முடிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.
5. மிஸ்ஸியம்மா மட்டும், இது என் ஊர் அல்ல என்றார்.
6. புதுக்கடை என்ற ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன்.
7. அதே துணியில், அந்தப் படத்தின் மேலேயே, மறுபடியும் வரைந்தேன்.
8. தை மாதம் கமிட்டி கூடியது.

எழுதிப் பார்த்தால் எட்டே வரி. அந்த மாதங்களில் என் வலது தோளில் இருந்த வலி இதில் எந்த வரியிலும் இல்லை.

அப்போது நாகர்கோவிலில் மிஷன் வளாகத்து லேஸ் அறையில் எனக்கு வேலை. அங்கே பெண்கள் மடியில் ஒரு திண்டை வைத்து, அதன் மேல் துளையிட்ட அட்டையைப் பொருத்தி, துளைதோறும் ஊசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவார்கள். அட்டையில் எங்கெங்கே துளை வர வேண்டும் என்று வரைவதும், அந்தத் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்துவதும் என் பொறுப்பு. வெள்ளை நூல், வெள்ளை அட்டை, வெள்ளைச் சுவர். மத்தியானம் தாண்டினால் கண்ணில் நீர் வழியத் தொடங்கும். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த அக்கா முப்பது வயதுக்குள் கண்ணாடி போட்டார். பிறகு கண்ணாடியும் உதவாமல் வீட்டோடு இருந்துவிட்டார். அவர் உட்கார்ந்த அதே நாற்காலிதான் எனக்கும்.

நான் சென்னை வரை போய்ச் சித்திரப் பரீட்சை எழுதித் தேறியவள். கைச்சித்திரம், ஜியோமெட்ரி, வண்ணம் மூன்றிலும் சர்ட்டிபிகேட் வைத்திருக்கிறேன். அதே வளாகத்தில் இருந்த பெண்கள் பள்ளியில் சித்திர வகுப்புக்கு ஆள் இல்லாதபோதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். போய்க் கற்பித்துவிட்டுத் திரும்பி வந்து ஊசியை எடுப்பேன். அந்தப் பள்ளியில் சித்திர ஆசிரியை என்று நிலையான ஒரு வேலை கிடைத்தால் லேஸ் அறையை விட்டுவிடலாம். கண் தப்பும். வேறு எதையும் நான் ஆசைப்படவில்லை.

மிஸ்ஸியம்மாவுக்கும் இது தெரியும். வெள்ளைக்காரப் பெண்மணி. நான் பிறப்பதற்கு முன்பே இங்கே வந்தவர். வேதத்தையும் இலக்கணத்தையும் படித்துக் கற்ற தமிழில் பேசுவார். பேச்சுவழக்கு அவருக்குப் புரியும், வாயில் வராது. வருகிற சித்திரையில் பள்ளிப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, வளாகத்தின் பின்னால் உள்ள சிறு வீட்டில் தங்கிவிடுவதாகத் தீர்மானித்திருந்தார். ஊருக்குப் போகவில்லை. கப்பல் பயணத்துக்கு உடம்பு இடம் கொடுக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் உள்ளங்கை அளவில் ஒரு போட்டோ இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் கூரான கோபுரத்தோடு ஒரு கிறிஸ்தவக் கோயில், இலையில்லாத மரங்கள், வெள்ளை வெளியில் அங்கங்கே கறுப்புக் கோடுகள்.

"இது என் சகோதரி அனுப்பியது" என்றார். "இதை எனக்குப் பெரிதாக வரைந்து தா. என் கட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டும். என் கண்ணில் புரை வளர்கிறது. சின்னப் படம் இனி உதவாது."

"சரி அம்மா."

"இன்னொன்று. உன்னை நிலையான ஆசிரியையாக்கக் கமிட்டியைக் கேட்டேன். லேஸுக்கு மாதிரி வரைகிறவளுக்குப் பள்ளியில் என்ன வேலை என்கிறார்கள். தை மாதம் அவர்கள் கூடும்போது இந்தப் படத்தை அவர்கள் முன் வைப்பேன். பிறகு பேசுவேன்."

நிறங்களை வாயால் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். வானம் சிலேட்டு நிறம். கோயில் கல் தேன் நிறம். பனி வெள்ளை என்று நினையாதே, நிழலில் அது நீலம் என்றார். எங்கள் சபைக்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பதுதான். இதை வேதத்தில் உள்ளபடி உறைந்த மழை என்பார்கள். உறைந்த மழை தரையில் எப்படிக் கிடக்கும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

லேஸ் அறைக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஒரு சாமான் அறை உண்டு. அதில் வடக்குப் பார்த்து ஒரு ஜன்னல். வேலை முடிந்தபின் வெளிச்சம் இருக்கும் வரையிலும், சனிக்கிழமை பிற்பகலிலும் அங்கே வரைய அனுமதி கிடைத்தது. துணி மணவாளக்குறிச்சியிலிருந்து வந்தது, படகுப் பாய்க்கு நெய்த கெட்டித் துணி. ஆசாரி சட்டம் அடித்துத் தந்தார். பசை பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசினேன். வண்ண டியூபுகளும் ஆளிவிதை எண்ணெயும் சென்னையிலிருந்து தபாலில் வந்தன.

வெள்ளையில் இரண்டு வகை உண்டு. ஈய வெள்ளை சீக்கிரம் காயும், இருட்டில் வைத்தால் மஞ்சளாகும். துத்தநாக வெள்ளை தூய்மையாக இருக்கும், காய்வதற்கு அவசரப்படாது. பனிக்குத் தூய்மைதான் வேண்டும் என்று நினைத்துத் துத்தநாகத்தையே அதிகம் வரவழைத்திருந்தேன். ஐப்பசி கடைசியில் மழை இறங்கியது. சுவரே வியர்க்கிற ஈரத்தில் எண்ணெய் எங்கே காயும். காலையில் விரலால் தொட்டால் விரலோடு வரும். மறுநாளும் வரும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை விட்டதும் ஈசல் கிளம்பி, மறந்துபோய் ஏற்றி வைத்த விளக்கைச் சுற்றி, பிறகு படத்தின் மேல் விழுந்தது. வானத்தில் ஒன்றும் ஒட்டவில்லை, அது காய்ந்திருந்தது. பனி முழுக்க இறகு. அடுத்த நாள் பிற்பகலெல்லாம் லேஸ் அட்டை குத்தும் ஊசியால் ஒவ்வொரு இறகாக எடுத்தேன். துளை குத்துவதிலிருந்து தப்பிக்க வரைகிற படத்திலும் ஊசியோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

லேஸ் அறையில் என் பக்கத்தில் உட்காரும் தோழிக்குப் புதுக்கடைப் பக்கம் ஊர். வேலைக்காக இங்கே விடுதியில் தங்கியிருந்தாள். கை வேலை செய்யும்போது வாயும் வேலை செய்யும். ஒரு சனிக்கிழமை எட்டிப் பார்க்க வந்தாள்.

"என்னட்டி இது, உப்பளமா?"

"பனி."

"மார்கழில விழுமே, அதா? அதுக்கு எதுக்கு இம்புட்டு வெள்ள? துணியே வெள்ளதானட்டி. அப்பிடியே சட்டத்துல அடிச்சுக் குடுத்திருந்தா மிஸ்ஸியம்மாவுக்குத் தெரியவா போவுது?"

"கோயில் இருக்கு, மரம் இருக்கு, பாரு."

"கோயிலு கொள்ளாம். மரத்துக்கு என்ன சீக்கு? ஒரு எல கூட இல்ல."

"குளிர் காலத்துல அங்க எல உதிர்ந்திரும்."

"எல உதுந்து, தரையும் மூடி. ஆடு என்னத்தத் திங்கும்? மனுசன் இருப்பானாட்டி அங்கன?" என்று சொல்லிவிட்டு, என் பழைய சேலைத் துண்டை எடுத்து என் கன்னத்தில் இருந்த வெள்ளையைத் துடைத்தாள். "ஒன் மொகத்துலயும் பெய்ஞ்சிருக்கு."

போட்டோவில் கோடுகள் மட்டும் தெளிவாக இருந்தன, கோடுகளுக்கு நடுவில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் என்ன இருக்கிறது என்பதை நான்தான் நிரப்ப வேண்டும். கோடுகள் வயலின் எல்லைகள் என்று மிஸ்ஸியம்மா சொல்லியிருந்தார். எல்லை என்றால் வரப்பு. இரண்டு வரப்புக்கு நடுவில் வயல். வயல் என்றால் மட்டம். உழுது, பரம்பு மரம் அடித்து, தண்ணீர் நிறுத்தி மட்டம் பார்த்த நிலத்தைத்தான் நான் பிறந்ததிலிருந்து வயல் என்று அறிவேன். பள்ளத்தாக்கு சரிவாக இருந்ததால் மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் ஒரு படி இறக்கம் வைத்தேன். ஒவ்வொரு வயலிலும் பனியைக் கிடைமட்டமாகத் தடவினேன். வரப்புகளைக் கத்தியால் வெள்ளையைக் கனமாக அப்பி எடுத்துக் காட்டி, அடியில் மெல்லிய நீல நிழல் கொடுத்தேன். தூரம் போகப் போகக் கோடுகள் எப்படி நெருங்க வேண்டும் என்ற விதியை ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தேன். விதிப்படி ஒரு பிழையும் இல்லை.

கார்த்திகையில் ஒரு நாள் அப்பா சந்தைக்கு வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். அப்பாவுக்குப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த வயல் கொஞ்சம் உண்டு, கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நடவு அப்போதுதான் முடிந்திருந்தது. காலில் சேறு இருந்ததால் அறைக்குள் வராமல் வாசலில் நின்றே படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஊரு நல்ல குளுரு போல."

"ஆமாப்பா."

"ஆனா வயலு வயலுதான் மக்ளே. மட்டம் பிசகல்லே. மேல மடையத் தொறந்து விட்டா கீழ வயலு வரைக்கும் வெள்ளம் தானா எறங்கும்."

"அங்க தண்ணி கட்ட மாட்டாங்களாம்பா."

"பின்ன என்னத்துக்கு வரப்பு?"

நான் சிரித்துவிட்டு அவருக்குக் காப்பி வாங்கப் போய்விட்டேன். அதை ஒரு கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. விடுதிச் சமையற்காரி பார்த்தாள், தோட்டக்காரர் பார்த்தார், பள்ளி உபாத்தியாயினிகள் இருவர் பார்த்தார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். வயல் அழகாக இருக்கிறது.

மார்கழி பிறப்பதற்கு முன் மிஸ்ஸியம்மா வந்தார். நாற்காலியை ஜன்னலுக்கு நேரே போட்டேன். முதலில் மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"கோயில் சரி" என்றார். "மரங்கள் சரி. வானம் மிகவும் சரி. ஆனால் இது என் ஊர் அல்ல."

"எது தவறு, அம்மா?"

"நிலம்." கையைத் தூக்கி எதையோ காற்றில் தடவினார். கை கீழே இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது. "பனி இப்படிப் படுக்காது. எப்படிப் படுக்கும் என்று கேட்காதே. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்தால் தெரியும்."

கோபமில்லை. என் உழைப்பைப் பாராட்டினார், கமிட்டிக்கு இதுவே போதும் என்றும் சொன்னார். ஆனால் இதைத் தன் அறையில் மாட்ட முடியாது என்றார். கமிட்டிக்குப் போதும் என்பதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் போனபின் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது, கேட்டதை நான் வரையவில்லை என்பது மட்டும் தெரிந்தது. எங்கே தவறு என்பது தெரியவில்லை. நிறம், நிழல், தூரம் என்று ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. எழுந்து தூரிகைகளைக் கழுவினேன்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் தோழியின் தம்பிக்குக் கல்யாணம். போக எனக்கு மனமில்லை.

"வரலேன்னா பொறவு எனக்க மொகத்துல முழிக்காத" என்றாள். "அந்தச் சவத்துப் படம் எங்கயும் ஓடிராது."

முந்தின நாளே மோட்டார் பஸ்ஸில் மார்த்தாண்டம் வரை நெரிசலில் நின்றுகொண்டே போனோம். அங்கிருந்து புதுக்கடைக்கு மாட்டு வண்டி. வழியெல்லாம் மேடு, பள்ளம், மேடு. எங்கள் பக்கம் போலப் பரந்த வயல் இல்லை. வீடுகள் எல்லாம் விளைகளில். விளை என்றால் தண்ணீர் நிற்காத மேட்டு நிலம். தென்னையும் மரச்சீனிக் கிழங்கும் போடுவார்கள். நான் அதை நிலமென்று நினைத்ததுண்டு, வயலென்று நினைத்ததில்லை.

கல்யாண வீட்டுக்குப் பின்னால் மரச்சீனி பிடுங்கிய விளை ஒன்று சரிந்து இறங்கி ஒரு ஓடையில் முடிந்தது. அன்று காலையில் வண்ணான் பந்தலுக்குள் விரித்துக் கட்டும் வெள்ளை வேட்டிகளை வெளுத்து, அந்தச் சரிவு முழுவதும் ஒன்றோடொன்று விளிம்பு தொடக் காயப்போட்டிருந்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. துணி எங்கும் மட்டமாகக் கிடக்கவில்லை. மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மரச்சீனி மூடு பிடுங்கிய குழியில் மெல்ல அமுங்கி, சரிவு போன போக்கில் ஓடை வரை போயிற்று. குழிகளில் நீல நிழல். விளையின் எல்லையாக ஒரு முள்வேலி, அதுவும் சரிவோடு இறங்கியது. அது எதையும் தாங்கவில்லை, எதையும் நிறுத்தவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் எல்லை என்பது வெறும் எல்லைதான்.

மிஸ்ஸியம்மாவின் கை காற்றில் இறங்கிப் பாதியில் நின்றது நினைவுக்கு வந்தது. அவர் ஊரில் வயல் மட்டமாக இராது. மட்டமாக இருக்க அதற்கு ஒரு தேவையும் இல்லை. அப்பா வாசலில் நின்று கேட்டதும் இதைத்தான். நான் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் நாஞ்சில் நாட்டு வயலாக வெட்டி, வரப்புப் போட்டு, தண்ணீர் நிறுத்தி, அந்தத் தண்ணீருக்கு வெள்ளை அடித்திருக்கிறேன்.

சரிவில் உட்கார்ந்து தாளும் பென்சிலும் எடுத்தேன். தோழி தேடிக்கொண்டு வந்தாள்.

"ஊரு முழுக்க மாப்பிளையப் பாக்காவ, நீ வண்ணான் துணியப் பாத்துட்டு இருக்கா. எந்திரிட்டி. காப்பி குடிக்க விளிக்காவ."

"பத்து நிமிஷம்."

"துணிய எடுக்கச் சொல்லட்டா? பந்தலுக்கு வேணும்லா."

"அஞ்சு நிமிஷம்."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சேலையில் மண் ஒட்டுவது பற்றி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்தபோது இன்னொரு துணியைச் சட்டத்தில் அடித்துப் பசை பூச நாளில்லை. பழைய படத்தைச் சுரண்டிவிட்டு அதன் மேல் வரைவது என்று முடிவு செய்தேன். கத்தியை வைத்தேன். வரப்புகளின் மேல்தோல் மட்டும் காய்ந்திருந்தது, உள்ளே இன்னும் வெண்ணெய்ப் பதம். அழுத்தினால் துணியோடு கிழிந்து வரும் போலிருந்தது. இரண்டு இடத்தில் முயன்று பார்த்து விட்டுவிட்டேன். வரப்புகளை அப்படியே வைத்து, மேலே ஈய வெள்ளையில் சாம்பலும் நீலமும் கலந்து, சரிவு போகும் போக்கிலேயே தூரிகையை இழுத்தேன். ஒவ்வொரு இழுப்பும் கீழே இருந்த புடைப்பில் தட்டியது. வேலிகளைப் புதிதாக, சரிவோடு இறங்குகிறபடி, மெல்லிய கறுப்பில் போட்டேன். மழை நின்றிருந்தது, ஈய வெள்ளை சொன்னபடி காய்ந்தது. காலையில் லேஸ் அட்டை, மாலையில் பனி. வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சோற்றைக் கண்டே அலுப்பாக இருந்தது.

மிஸ்ஸியம்மா மறுபடி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இடது பக்க வேலிக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு" என்றார் கடைசியில். "அதை வரைய வேண்டாம். பனிக்காலத்தில் அது தெரியாது."

பிறகு எழுந்து போய்விட்டார். அன்று மட்டும் எனக்குத் தோள் வலிக்கவில்லை.

கமிட்டி பள்ளியின் பெரிய அறையில் கூடியது. நான்கு பேர். ஆயர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒரு வக்கீல், சபை மூப்பர். மூப்பருக்கு ஊரைச் சுற்றி நல்ல வயல்கள் உண்டு. வாயில் எப்போதும் வெற்றிலை. படத்தை மேசை மேல் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். என்னைக் கதவருகே நிற்கச் சொன்னார்கள். ஆயரும் தலைமையாசிரியரும் நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார்கள். மூப்பர் மட்டும் முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

"மிஸ்ஸியம்மா கோவிச்சுக்கப்படாது. இந்த வெள்ளையெல்லாம் என்னது?"

"வயல்கள்" என்றார் மிஸ்ஸியம்மா. "பனி மூடிய வயல்கள்."

"வயலா? வயலுன்னா வரப்பு எங்க? ஒரே சாய்வா கெடக்கு. ஒரு குடம் வெள்ளம் நிக்குமா இதுல?"

"அங்கே தண்ணீர் நிறுத்துவதில்லை. கோதுமை விதைப்பார்கள்."

"என்னத்த வெதச்சாலும் வயலு வயலாட்டு இருக்கண்டாமா?"

வக்கீல் சிரித்தார். "பிள்ளை எப்பவும் லேஸ் அறையிலயே இருந்திருக்கு. வயலப் பாத்திருக்காது போல."

"நாஞ்சி நாட்டுல பொறந்துட்டு வயலு தெரியாதா? இவ அப்பன் எனக்க கிட்ட பாட்டத்துக்கு எடுத்துப் பயிரு வைக்கவன்லா."

முந்தைய படம் இதே இடத்தில் இருந்திருந்தால் மூப்பர் கையைத் தட்டியிருப்பார். அது இப்போது ஒரு விரற்கடை கூட இல்லாத வண்ணத்துக்கு அடியில் கிடந்தது. மிஸ்ஸியம்மா எனக்காக ஏதோ விளக்கத் தொடங்கினார். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நாளைக்குக் குத்த வேண்டிய அட்டை எது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூப்பர் வெற்றிலை துப்ப ஜன்னலுக்குப் போனார். துப்பிவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றார். ஜன்னல் வெளிச்சம் படத்தின் மேல் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து மட்டும் அது தெரியும்.

"ஏய், நில்லும், நில்லும். வக்கீலே, இங்கன வாரும்."

"என்ன?"

"வாரும்னா. இங்கேருந்து பாரும். வரப்பு கெடக்குல்லா!"

வக்கீல் போனார். ஆயர் போனார். தலைமையாசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போனார். நான்கு பேரும் ஜன்னலருகே நெருக்கியடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். சரிந்து இறங்கிய பனிக்கு அடியில், மட்டம் பிசகாத என் பழைய வரப்புகள் கோடு கோடாகப் புடைத்துத் தெரிந்திருக்க வேண்டும்.

"பாத்தீரா. மேல பனி மூடிக் கெடக்கு, அடியில வயலு பத்திரமா இருக்கு. பனி போனா நடவுக்கு எறங்கலாம்" என்றார் மூப்பர். என் பக்கம் திரும்பினார். "வெவரமான பிள்ளைதான் மக்கா நீ. அப்பனுக்குப் பேரு வாங்கிக் குடுத்துட்டா."

மிஸ்ஸியம்மாவும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "என்ன வரப்பு?"

"பழைய படம், அம்மா. சுரண்டினால் துணி கிழியும் என்று விட்டுவிட்டேன்."

அவர் படத்தின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அது தெரியுமா? கட்டிலில் படுத்திருந்தால்?"

"தெரியாது. நேராகப் பார்த்தால் தெரியாது."

"அப்படியானால் இருக்கட்டும்" என்றார். பிறகு கமிட்டியிடம் திரும்பி, பேச நினைத்ததைப் பேசினார். கேட்டதில் பாதியைக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு வாரம் முழுவதும் சித்திரம் எதற்கு என்று வக்கீல் கேட்டார், மூன்று நாள் போதும் என்று மூப்பர் முடித்தார். லேஸ் அறைக்கும் ஆள் வேண்டும் அல்லவா என்றார் ஆயர். அது உண்மைதான். அங்கே வேறு ஆள் இல்லை.

இப்போது நிலைமை இதுதான். திங்கள், செவ்வாய், புதன் பள்ளியில் நிலையான சித்திர ஆசிரியை. வியாழன், வெள்ளி, சனி லேஸ் அறையில் அந்த நாற்காலி. பள்ளி நாட்களில் கண்ணில் நீர் வருவதில்லை, மற்ற நாட்களில் வருகிறது. படம் மிஸ்ஸியம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. அந்த அறையில் வெளிச்சம் குறைவு, அதனால் இடது மேல் மூலையில் ஈய வெள்ளை மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது. மீதி மூன்று நாளைப் பற்றிக் கமிட்டி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.